ஜூலு போர் மினியேச்சர்களில் பெயிண்ட் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டர்பனில் 1879-இன் ஆங்கிலோ-ஜூலு போரையும், 1899-இல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் (டச்சு வழிக் குடியேறிகள்) மூண்ட போரையும் சின்ன உருவங்களைக் கொண்டு மேசைமேல் வைத்து ஆடுகிற நம் ஆட்கள் அதிகம் இல்லை. ஆனால் ஆடுகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்தப் பெயிண்ட் சரியில்லை, வேற எதை வாங்கலாம்?" பெயிண்டை மாற்றுவதற்கு முன்னால் உருவத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோளாறு எந்த அடுக்கில் தெரிகிறதோ அந்த அடுக்கில் பெரும்பாலும் அது பிறந்திருக்காது. மேலே சிவப்பு உரிகிறதென்றால் அடியில் உலோகத்தைக் கழுவாமல் விட்டிருப்போம். முகம் சாம்பல் பூத்திருந்தால் ஹைலைட்டில் (மேடான இடங்களுக்குப் போடுகிற வெளிர்நிறம்) வெள்ளை கலந்திருப்போம். வார்னிஷ் வெளுத்திருந்தால் அன்றைக்கு ஈரக் காற்று அடித்திருக்கும். அடியைச் சரிசெய்யாமல் இன்னொரு கோட் போட்டால் உருவத்தின் நுணுக்கம் மூடிப்போகும், கோளாறு அப்படியே நிற்கும்.

கீழே சொல்வதெல்லாம் 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கும் அக்ரிலிக் பெயிண்டுக்கும். 15 மில்லிமீட்டருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பிரைமர் சொரசொரக்கிறது, அல்லது பால் நிறமாகப் படர்ந்திருக்கிறது

பிரைமர் என்பது நிறம் தீட்டும் முன் கொடுக்கிற அடிப்பூச்சு. அதில் இவை இரண்டு வேறு நோய்கள். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால், பெயிண்ட் உருவத்தில் படுவதற்கு முன் காற்றிலேயே காய்ந்திருக்கிறது. ஸ்பிரே கேனைத் தூரத்தில் பிடித்திருப்பீர்கள், இல்லையென்றால் அது பெர்க் காற்று அடித்த நாளாக இருக்கும். குளிர்காலத்தின் பின்பகுதியில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து இறங்கி வருகிற அந்தச் சூடான வறண்ட காற்று துணி காயப்போட நல்லது, ஸ்பிரே அடிக்க ஆகாது.

உதிராமல் மேலே வெளிறிய படலமாக இருந்தால் அது ஈரம். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த இடத்தில் நீர் படிந்து, காய்கிற பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை டர்பன் கடற்கரைப் பக்கம் இதற்கென்றே அமைந்த காலம். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வாசலில் மாட்டுங்கள். அது 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் கேனைத் தொடுவதில்லை.

அடிக்கும் முறை: கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக 2 நிமிடம் குலுக்க வேண்டும். தூரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். பெர்க் காற்று என்றால் அன்றைக்கு வேண்டாம். உருவத்துக்கு வெளியே பீய்ச்சத் தொடங்கி, கையை நிறுத்தாமல் ஓட்டி, உருவத்துக்கு வெளியே முடிக்க வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிட வேண்டும் என்ற ஆசை ஆகாது. லெனேசியாவிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே வேறு: அந்த உயரத்தில் குளிர்காலக் காற்று வறண்டது, காலையில் கேனும் சில்லிட்டிருக்கும். நடுப்பகல் வரை பொறுத்து, கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்துவிட்டு, சற்றுக் கிட்டே பிடித்து அடியுங்கள். கொதிநீரோ ஹீட்டரோ கேனுக்குப் பக்கத்தில் போகவே கூடாது, வெடிக்கும்.

ஏற்கெனவே கெட்டுப்போனதற்கு: சொரசொரப்பு லேசானது என்றால் காய்ந்த பழைய டூத்பிரஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, பிரஷால் பூசுகிற பிரைமரை மெல்லிதாக ஒரு கோட் கொடுங்கள். தடிமனாக ஒட்டியிருந்தால் மொத்தத்தையும் கழற்றுவதுதான் வழி. உலோகத்தையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்க்கலாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். ரெசின் என்றால் முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். டெட்டாலும் வேலை செய்யும், ஆனால் நேராகத் தண்ணீரில் கழுவினால் பெயிண்ட் பிசுபிசுவென்று திரண்டு ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே தேய்த்து எடுத்து, அப்புறம் சோப்பு, கடைசியில்தான் தண்ணீர்.

என் முடிவைக் கேட்டால், டர்பன் கோடையில் கேனே வேண்டாம். பிரஷ் பிரைமர் இரண்டு கோட். நேரம் பிடிக்கும், ஆனால் வானிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஈட்டி முனையிலும் துப்பாக்கிக் குழாயிலும் பெயிண்ட் உரிகிறது

உருவத்தின் உடம்பில் பெயிண்ட் நன்றாக நின்று, மெல்லிய பாகங்களில் மட்டும் உரிந்தால், அந்தப் பாகம் வளைகிறது என்று பொருள். வெள்ளை உலோக ஈட்டி மென்மையானது, எடுக்கும்போதும் வைக்கும்போதும் வளையும், பெயிண்ட் அதோடு வளையாமல் வெடிக்கும். எவ்வளவு வார்னிஷ் போட்டாலும் நிற்காது. ஈட்டியை வெட்டியெடுத்துவிட்டு எஃகுக் கம்பி வைத்து ஒட்டுங்கள், முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். ஒரு படைப்பிரிவுக்கே இதைச் செய்வது பெரிய வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

உடம்பெங்கும் தகடாக உரிந்தால் அது வேறு. வார்ப்பு அச்சிலிருந்து உருவம் எளிதாகக் கழன்று வரப் பூசுகிற பொருள் மேலேயே இருந்திருக்கும், அல்லது கை எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, டூத்பிரஷ், பிறகு ஒரு இரவு முழுக்கக் காயவிடுதல். உருவத்தை மூடியிலோ கார்க்கிலோ ஒட்டிவைத்துப் பிடித்தால் விரலே படாது. பன்னி சௌ (ரொட்டிக்குள் ஊற்றிய குழம்பு) சாப்பிட்ட கையோடு படையைத் தொடுகிற பழக்கம் நம் மேசையில் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அரம் போட்ட பிறகு கையைக் கழுவுங்கள், பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள்.

ஜூலு வீரர்களின் தோல் சாம்பல் பூத்துத் தெரிகிறது

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மேசையில் பார்க்கிற ஜூலு படைகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறு உண்டு. வழக்கமான செய்முறை இப்படி இருக்கும்: கறுப்பு பிரைமர், மேலே அடர்பழுப்பு, பிறகு அதே பழுப்பில் வெள்ளை கலந்து ஹைலைட். அடர்பழுப்பில் வெள்ளை சேர்ந்தால் நிறம் வெளிச்சமாவதோடு நிற்காது, சூடு போய்ச் சாம்பலாகும். உங்கள் முழங்கையை ஜன்னல் பக்கம் நீட்டிப் பாருங்கள். வெளிச்சம் படுகிற இடத்தில் பழுப்புத் தோல் வெளுப்பதில்லை. சிவப்பும் செம்மஞ்சளும் கூடுகின்றன, கூடவே ஒரு மெல்லிய பளபளப்பு. நிழலில் அது கறுப்பாவதும் இல்லை, நீலமோ ஊதாவோ கலந்த பழுப்பாகிறது.

ஆகவே செய்முறையை அடியிலிருந்தே மாற்ற வேண்டும். பிரைமர் கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பு எடுங்கள். அடிநிறம் சாக்லேட் பழுப்பில் சிறிது செம்பழுப்பு. நிழலுக்கு அதே கலவையில் ஒரு துளி அடர்நீலம் சேர்த்து, நன்றாக நீர்த்துப் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். முதல் ஹைலைட்டுக்கு அடிநிறத்தில் தோல் நிறப் பழுப்போ செம்மஞ்சள் பழுப்போ கலந்துகொள்ளுங்கள். கடைசி ஹைலைட்டுக்கு அதில் கொஞ்சம் காவி. அது நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, காறை எலும்பு, விரல் முட்டி, முழங்கால் சில்லு ஆகிய இடங்களில் மட்டும், புள்ளியாகவும் கீற்றாகவும். உள்ளங்கையும் உள்ளங்காலும் இளம்பழுப்பு, லேசாக ரோஜா நிறம். கண்ணில் சுத்த வெள்ளை வைத்தால் அத்தனை பேரும் திடுக்கிட்டு நிற்பதாகத் தெரியும், மங்கின தந்த நிறம் போதும். படையாக வரிசையில் நிற்பவர்களுக்குக் கண்ணை விட்டுவிட்டு நிழலை மட்டும் ஆழமாக வைத்தாலும் கையெட்டும் தூரத்தில் குறை தெரியாது.

அப்புறம், எல்லாருக்கும் ஒரே கலவை வேண்டாம். மூன்று அடிநிறம் கலந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஏற்கெனவே சாம்பலாகிவிட்டதா? கழற்ற வேண்டாம், கிளேஸ் (அடிநிறம் தெரியும்படி மெல்லிதாகப் போடுகிற நிறப்படலம்) போட்டே மீட்டுவிடலாம். செம்பழுப்பு ஒரு பங்கு, கிளேஸ் மீடியம் ஐந்தாறு பங்கு. பிரஷை அதில் தோய்த்து, காகிதத்தில் துடைத்துவிட்டு, சாம்பல் தெரிகிற மேட்டிலிருந்து நிழல் பக்கமாக இழுங்கள். தேங்கவிடாதீர்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. இரண்டு மூன்று பூச்சில் சூடு திரும்பிவிடும், முன்பு வைத்த ஹைலைட்டும் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் தோலுக்கு மட்டும் சாட்டின் (லேசாக மினுக்கும்) வார்னிஷ். முழு மேட் (மினுக்கமே இல்லாதது) போட்டால் தோல் மறுபடியும் தூசி படிந்ததாகத் தோன்றும்.

முகங்களில் இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். 1879 ஜனவரி 22 அன்று ஐசாண்டில்வானா சண்டைக்குச் சுமார் 20,000 பேர் கொண்ட ஜூலு படை வந்தது, அது ஒரே முகம் கொண்ட கும்பல் இல்லை. வயது வாரியாகச் சேர்த்த படைப்பிரிவுகள் அவை. இங்கோபாமகோசி இளைஞர்கள். அன்று மாலை தபுலமான்சி தலைமையில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற ஆங்கிலேயர் நிலையத்தைத் தாக்கியவர்களில் உதுல்வானா பிரிவினர் நடுவயது தாண்டிய மணமானவர்கள். மணமானவர்கள் தலைமுடியோடு சேர்த்துத் தைத்த கறுப்பு வளையம் அணிந்திருந்தார்கள், அது மெழுகேற்றி மினுக்கியது. அந்த வளையத்துக்கு மட்டும் ஒரு சொட்டு கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் வைத்து, மீசையிலும் தாடியிலும் இரண்டு சாம்பல் கீற்றுப் போட்டுப் பாருங்கள், எந்தப் பிரிவு என்று எதிராளிக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆங்கிலேயர் பக்கம் நின்ற நேட்டால் நேட்டிவ் கன்டின்ஜென்ட் படைக்கும் இதே தோல் முறைதான். தலையில் கட்டிய சிவப்புத் துணிதான் அவர்களின் அடையாளம். அதை மறந்தால் ஆட்டத்தின் நடுவே யார் யார் என்று குழம்பும்.

ஆங்கிலேயச் சிப்பாயின் சிவப்புக் கோட்டு திட்டுத்திட்டாக, அல்லது ரோஜா நிறமாகத் தெரிகிறது

சிவப்புப் பெயிண்டுகளில் பலவற்றுக்கு மூடும் திறன் குறைவு. கறுப்புமேல் நேராகப் பூசினால் எத்தனை கோட் போட்டாலும் திட்டுதான் தெரியும். கோட்டுப் பகுதிக்கு முதலில் செம்பழுப்பு ஒரு கோட் கொடுத்துவிட்டு மேலே சிவப்பு பூசுங்கள், இரண்டே கோட்டில் நிரம்பும். ரோஜா நிறமானால் ஹைலைட்டில் வெள்ளை கலந்திருக்கிறீர்கள். சிவப்பு வெளிச்சமாக வேண்டும் என்றால் ஆரஞ்சு. ஏற்கெனவே போட்ட ரோஜாவின்மேல் நீர்த்த சிவப்பைக் கிளேஸாக விட்டால் அடங்கிவிடும்.

நிறம் சரியாக வந்தும் படை தவறாகத் தெரிந்தால் காலரையும் கைமுனையையும் பாருங்கள். ஐசாண்டில்வானாவிலும் ரோர்க்ஸ் டிரிஃப்டிலும் நின்ற 24-ஆம் ரெஜிமென்ட்டுக்குப் புல்பச்சை. 80-ஆம் ரெஜிமென்ட்டுக்கு மஞ்சள். பீரங்கிப் படைக்குக் கோட்டே நீலம். இன்னொன்று, பளிச்சென்ற சிவப்பு வேண்டாம். 24-ஆம் ரெஜிமென்ட்டார் 1877-78-இல் நடந்த கேப் எல்லைப் போரில் இருந்துவிட்டு வந்தவர்கள். வெயிலில் மங்கின சிவப்பும், முழங்கையிலும் முழங்காலிலும் ஒட்டுத்துணியும்தான் அவர்களுக்குப் பொருத்தம்.

வெள்ளை ஹெல்மெட் சுண்ணாம்பு அடித்தது போல் கட்டியாக நிற்கிறது

வெள்ளையைத் தடிமனாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இங்கே வெள்ளையே தேவையில்லை. அந்தப் போரில் வீரர்கள் ஹெல்மெட்டைத் தேயிலைச் சாயத்தில் மங்கடித்து, பித்தளைத் தகட்டையும் கழற்றிவைத்தார்கள். இளம்பழுப்பு அடி, மேலே மங்கின தந்த நிறத்தில் லேசான ஹைலைட், முடிந்தது.

1899 படை முழுக்கச் சேற்று நிறமாகக் கலந்துவிடுகிறது

ஆங்கிலேயரின் காக்கி உடுப்புக்குப் பழுப்பு வாஷை (பள்ளங்களில் இறங்குகிற நீர்த்த பெயிண்ட்) மொத்தமாக ஊற்றினால் இதுதான் நடக்கும். வாஷை மடிப்பிலும் வார்ப்பட்டைக்கு அடியிலும் மட்டும் விடுங்கள், மேட்டில் அடிநிறத்தையே மறுபடி தொடுங்கள். ஹெல்மெட் உறை, கோட்டு, கால்சட்டை மூன்றுக்கும் சற்றே வேறுபட்ட மூன்று காக்கி எடுங்கள். போயர் தரப்பில் சீருடையே பெரும்பாலும் இல்லை. பழுப்பு, சாம்பல், கறுப்பு, மங்கின பச்சை என்று ஒவ்வொருவரும் வீட்டு உடுப்பில் வந்தவர்கள். பத்துப் பேரை ஒரே நிறத்தில் தீட்டினால் அங்கேயே தவறு.

நம் மேசையில் இந்தப் போரின் ஸ்பியோன்கோப் சண்டையை ஆடும்போது நான் விடாமல் வைக்கிற ஒரு பிரிவு உண்டு: நேட்டால் இந்தியன் ஆம்புலன்ஸ் கோர். காந்தி முன்னின்று திரட்டிய சுமார் 1,100 பேரில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள். 1899 டிசம்பரில் கொலென்சோவிலும் 1900 ஜனவரியில் ஸ்பியோன்கோப்பிலும் காயம்பட்டவர்களைத் தூக்கி மைல் கணக்கில் நடந்தவர்கள். 1860-இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய வரலாற்றின் பிள்ளைகள் அவர்கள், அந்த முகங்களை அவசரத்தில் தீட்டக் கூடாது. மேலே சொன்ன தோல் முறையையே எடுத்துக்கொண்டு, அடிநிறத்தை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். இளம்பழுப்பிலிருந்து அடர்பழுப்பு வரை நம் வீட்டுக் கலியாணப் போட்டோ ஒன்றில் இருக்கிற அத்தனை நிறமும் வரலாம். கைப்பட்டையில் செஞ்சிலுவை வைக்கும்போது சிலுவையை வெள்ளைமேல் வரையாதீர்கள், கை நடுங்கினால் போச்சு. பட்டை முழுவதையும் சிவப்பாக்கி, நான்கு மூலையிலும் தந்த நிறத்தை உள்ளே தள்ளிக்கொண்டு வாருங்கள், நடுவில் சிலுவை தானாக மிஞ்சும்.

கேடயத்தின் புள்ளிகள் அச்சடித்தது போல் இருக்கின்றன

ஜூலு கேடயம் மாட்டுத்தோல், அதில் வட்டப் புள்ளி அபூர்வம். இங்கே குவாசூலு-நேட்டாலில் நுகுனி மாடுகளைப் பார்க்காத இடம் இல்லை. ஒரு மாட்டின் விலாவைக் கவனியுங்கள்: திட்டின் ஓரம் கிழிந்த கோடாக இருக்கும், பெரிய திட்டுக்குப் பக்கத்தில் சிதறிய சின்னத் துகள்கள், இரண்டு நிறம் சேரும் இடத்தில் மயிர் கலந்து மங்கிய ஓரம். பிரஷை விட்டுக் கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றினால் அது வந்துவிடும். ஓரத்தில் மட்டும் நுனிப் பிரஷால் மயிர்க்கீற்று. நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசையில் கோத்த தோல்பட்டைகளைக் கேடயத்துக்கு எதிர் நிறத்தில் வையுங்கள்.

ஒட்டுப்படம் பயன்படுத்தி, ஓரத்தில் வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அடியில் காற்று அடைபட்டிருக்கிறது. மேட் பரப்பின்மேல் ஒட்டியதன் விளைவு. ஊசியால் குத்தி, ஒட்டுப்படம் மென்மையாக்கும் திரவத்தை விடுங்கள். அடுத்த முறை முதலில் கிளாஸ் வார்னிஷ், அதன்மேல் ஒட்டுப்படம்.

வாஷ் காய்ந்ததும் வட்டக் கறை

தேங்கியிருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே துடைத்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள். டர்பனில் மெல்லக் காய்வதால் அதற்கு நேரம் இருக்கிறது, அதற்குள் ஹேர்டிரையரைத் தூக்காதீர்கள்.

பேஸ் துருப்பிடிக்கிறது, வளைகிறது, அல்லது புல் நிறமே தவறு

இரும்பு வாஷர்மேல் பேஸ் (உருவம் நிற்கிற அடித்தட்டு) செய்பவர்களுக்கு நம் கடல்காற்றில் துரு நிச்சயம். அதன்மேல் தண்ணீர் கலந்த பசையும் மணலும் போட்டால் செம்பழுப்பு ஊறி மேலே வரும். துருவைத் தேய்த்தெடுத்து, வாஷரின் இரண்டு பக்கமும் பிரைமர் பூசிவிட்டு மறுபடி தொடங்குங்கள். மரத்தூள் பலகை பேஸ் வளைந்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்திருக்கிறது. அடிப்பக்கத்துக்கும் பசைநீர் தடவி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள் வையுங்கள்.

புல் விஷயத்தில் பலர் எல்லாப் போருக்கும் காய்ந்த மஞ்சளை ஒட்டிவிடுகிறார்கள். ஐசாண்டில்வானாவும் ஸ்பியோன்கோப்பும் ஜனவரியில் நடந்தவை. அது மழைக்காலம், புல் பச்சை. உலுண்டிச் சண்டை 1879 ஜூலை 4, அதுதான் குளிர்காலம், அங்கேதான் மஞ்சள். டண்டீ பக்கம் தலானா அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வழியில் மண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அந்தச் செம்பழுப்பை நினைவிலிருந்து கலப்பது கடினம்.

வார்னிஷ் வெளுத்துவிட்டது, பிசுபிசுக்கிறது, அல்லது மேட் மினுக்குகிறது

வெளுத்தது பிரைமரில் சொன்ன அதே ஈரம்தான். படையைத் தூக்கிப் போட வேண்டாம். வறண்ட நாளில் பிரஷால் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். வெளுத்த அடுக்கின் நுண்ணிய இடைவெளிகளை அது நிரப்பி, பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மேட். சிலர் ஆலிவ் எண்ணெய் தடவுவார்கள். வெண்மை மறையும்தான், ஆனால் அதற்கப்புறம் மேலே எதுவும் ஒழுங்காக ஒட்டாது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பிசுபிசுப்புக்குக் காரணம் தடிமன், அல்லது முந்தின கோட் காயும் முன் அடுத்ததைப் போட்டது. காற்றோட்டமான அறையில் ஒரு வாரம் விடுங்கள், டப்பாவுக்குள் அடைக்காதீர்கள். அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது சிவப்பும் சேர்ந்து வரும்.

மேட் வார்னிஷ் மினுக்கினால் பாட்டிலின் அடியைப் பாருங்கள். மினுக்கத்தைக் கொல்லுகிற வெண்பொடி அடியில் படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் வெறும் கிளாஸ்தான் கிடைக்கும். வேகமாகக் குலுக்கினால் குமிழி வரும், குச்சியால் அடியிலிருந்து கிளறுங்கள். கிளறிய பிறகு முதல் பூச்சைப் படைத்தலைவன்மேல் போடாமல், பின்வரிசையில் நிற்கிற ஒரு சிப்பாயின் முதுகில் போட்டு, காய்ந்ததும் பார்த்துவிட்டு மற்றவர்களைத் தொடுங்கள்.